சூடாகாத இஸ்திரிப் பெட்டி

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடம் கைவிட்டுப் போய் இரண்டு மாதமாகியும் பெரிய டீச்சருக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. பதினெட்டு வருஷமாக அவர் கரும்பலகையில் எழுதிப் போட்டதையெல்லாம், நேற்று வந்த சின்ன டீச்சர் ஒரு வலைப்பூவால் துடைத்துவிட்டாள். பிள்ளைகள் தங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடியே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். படிப்பவர்கள், பொய் என்று பட்டதைக் கீழே குறிப்பிட வேண்டும். இவ்வளவுதான் பாடமாம்.

சொந்த மகளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். வீட்டில் என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்று கதவைச் சாத்திக்கொள்கிறவள், அங்கே பக்கம் பக்கமாகக் கொட்டுகிறாள்.

"உங்க பொண்ணு பிரமாதமா எழுதறா டீச்சர்," என்று சாப்பாட்டு வேளையில் கணக்கு வாத்தியார் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார். "படிச்சீங்களா? உங்களப் பத்திதான்."

"எனக்கு வேற வேலையில்லையா சார்?"

டிபன் பாக்ஸைக்கூடக் கழுவாமல் நூலகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். "வகுப்பு கைமாறிய அன்று அம்மா ஒரே சட்டைக்கு ஒரு மணி நேரம் இஸ்திரி போட்டாள். சுவிட்சைப் போடவே இல்லை" என்று மகள் எழுதியிருந்தாள். கீழே பதினான்கு பாராட்டுகள். பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை.

தப்பைப் பார்த்தால் பெரிய டீச்சரின் கை சும்மா இருக்காது. பெயர் போடாமல் ஆங்கிலத்தில் தட்டினார்: "பொய். சுவிட்ச் போட்டுத்தான் இருந்தது. கரண்ட் போனதுதான் அவளுக்குத் தெரியவில்லை."

மறுநாள் சாயங்காலம் மகள் பையை இறக்கி வைத்தாள்.

"உன் கமெண்ட்ட இன்னைக்கு எங்க டீச்சர் கிளாஸ்ல படிச்சாங்கம்மா."

"என் கமெண்ட்டா? என் பேரு இருந்துச்சா அதுல?"

"அன்னைக்கு வீட்ல இருந்தது நாம ரெண்டு பேருதான். நான் எழுதல."

பெரிய டீச்சருக்குக் காது சூடாயிற்று. "சிரிச்சாளா அவ?"

"இல்ல. ரெண்டு தடவ படிச்சாங்க. யாரு எழுதினதுன்னு கேட்டாங்க, நான் வாயே தொறக்கல. அப்புறம் அவங்க மூஞ்சியே ஒரு மாதிரி ஆயிடுச்சு. 'எனக்கு இப்படி ஒரு வரி வர மாட்டேங்குதே'ன்னு முணுமுணுத்தாங்க."

பெரிய டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு மாதிரின்னா எப்படி? மொதல்லேருந்து சொல்லு. ஒண்ணு விடக்கூடாது."

"அங்க எழுதட்டுமா, இங்க சொல்லட்டுமா?"

"இங்கயே சொல்லுடி!"

மகள் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.