மூன்றாம் அடியில் ஒரு நிறுத்தம்

பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலேயே மெஷினின் ஒயரை மாட்டி, ஸ்டூலிலிருந்து இறங்கினான் எத்திராஜ். கதவில் இரண்டு கோணியும் ஒரு கம்பளியும் தொங்கின. ஜன்னல் சந்தில் பழைய வேட்டியைச் சுருட்டித் திணித்திருந்தான். வைகாசி வெயிலில் அறை உலைப்பானையாகக் கொதித்தது. கொதித்தால் கொதிக்கட்டும். புத்தூர் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் குடியிருந்துகொண்டு வீட்டிலேயே பாட்டுப் பதிகிறவனுக்கு வெயிலா பெரிசு? கூட்ஸ் வண்டி போகும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அது போனால் மோர்க்காரி வருவாள். அவளும் போனால் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளின் கோழி முட்டையிட்ட பெருமையை ஊருக்கெல்லாம் சொல்லும். சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்றால், ஊர் விளக்குப் போட்டதும் கரண்ட் இளைத்து டேப் இழுத்து இழுத்துச் சுற்றும். ஆகவே அவன் பாட்டுகளெல்லாம் உச்சி வெயிலில், வியர்வை சொட்டச் சொட்டப் பதிந்தவைதான்.

மெஷின் கோவர்த்தனனுடையது. மைக்செட் கடைக்காரர். அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் அது. இரண்டு பெரிய சக்கரங்கள், முன்னால் ஒரு பச்சை விளக்கு. பதியும்போது சத்தம் ஏற ஏற அந்தப் பச்சை சுருங்கும். சத்தம் நின்றால் அகல விரியும். பச்சைக் கண் என்று இருவரும் பேர் வைத்திருந்தார்கள். கோவர்த்தனன் கடையில் மரத்துக்கு மரம் ஏறி ஸ்பீக்கர் கட்டுவது எத்திராஜின் பிழைப்பு. பாட்டுக் கட்டுவது அவன் பைத்தியம். பைத்தியத்துக்கு மெஷினைக் கடன் கொடுத்தவரும் பாதிப் பைத்தியமாகத்தானே இருக்க வேண்டும்?

இன்றைக்குப் பதிவு இல்லை. பதிந்ததைக் கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டியதுதான். திருப்பதியிலிருந்து வரும் மத்தியான வண்டியில் மெட்ராஸ் நாடகக் கம்பெனி மேனேஜர் கன்னையா வருகிறார். வண்டி இங்கே நிற்கும் கொஞ்ச நேரத்தில் டேப்பை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். போன தடவையே சொல்லிவிட்டுப் போனார். நாலாவது சீனில் ஒரு தாலாட்டு வேண்டும், நன்றாயிருந்தால் நீ மெட்ராசுக்கே வந்துவிடு, கம்பெனிக்கு ஒரு பாட்டுக்காரன் தேவைதான் என்று.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எத்திராஜ் இத்தனை நாளாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பின்னே என்ன? சித்தூரும் புத்தூரும் திருத்தணியும் மெட்ராசோடு சேர வேண்டும் என்று லாரியில் ஏறித் தொண்டை கிழியப் பாடியவன் அவன். கடைசியில் இந்த ஏப்ரலில் மாநில எல்லைக் கோடு போட்டுவிட்டார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. புத்தூர் ஆந்திரப் பக்கமே நின்றுவிட்டது. பாடினவன் இந்தப் பக்கம், மாமியார் வீடு அந்தப் பக்கம். கோவர்த்தனன் கடையில் இப்போது கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தெலுங்குப் பாட்டுதான் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? தமிழில் பாட்டுக் கட்டுகிறவனுக்கு இந்த ஊரில் இனி ஸ்பீக்கர் கட்டுகிற வேலைதான்.

நேற்று கோவர்த்தனன் இந்த அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் கேட்டார். ஒவ்வொன்றும் முடிந்ததும், "இது எங்கேர்ந்து புட்ச்ச?" என்று துருவினார். எத்திராஜுக்கும் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ரயில் பாட்டு, ஆற்றுப் பாலத்தின்மேல் சக்கரம் போட்ட தாளம். கரும்புப் பாட்டு, கரும்பாலை எருது திரும்பும் இடத்தில் செக்கு விட்ட முனகல். எல்லைப் பாட்டு இருக்கிறதே, ஊர்வலத்தில் ஆயிரம் பேர் கூடச் சேர்ந்து பாடிய பாட்டு, அதன் மெட்டு வேர்க்கடலை மண்டி ஏலக்காரர் "ஒகட்டோ சாரி, ரெண்டோ சாரி" என்று இழுக்கிற இழுப்பு. இதைக் கேட்டதும் கோவர்த்தனன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அடப்பாவி! தமிழுக்குப் போராடுன பாட்டு தெலுங்குக்காரன் மெட்டா? வெளிய சொல்லாதடா, ஒதைப்பாங்க."

"மெட்டுக்கு இன்னாண்ணா தெரியும், எந்தப் பக்கம் கோடு போட்டாங்கன்னு."

பிறகு தாலாட்டு ஓடியது. கோவர்த்தனன் சிரிப்பதை நிறுத்தினார்.

*கரையோரக் காத்தும் நின்னு போச்சு, கண்ணே*
*கம்மங்கொல்லைக் குருவி தூங்கிப் போச்சு*
*ஊரு வெளக்கெல்லாம் அணைஞ்சு போச்சு, என்...*

அந்த 'என்'னில் குரல் மேலே ஏறி, சட்டென்று நின்றுவிடும். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு எங்கோ அடியிலிருந்து, வேறு ஆள் பாடுவது மாதிரி, 'கண்ணே' என்று எழும்பும். பாட்டே அந்த நிறுத்தத்தில்தான் இருந்தது. மற்ற பாட்டுகளெல்லாம் கெட்டிக்காரத்தனம். இதுதான் பாட்டு. அது எத்திராஜுக்கே தெரியும்.

"இந்த எடம்," என்றார் கோவர்த்தனன் மெல்ல. "இந்த எடத்த எங்கடா புட்ச்ச?"

"தெரியலண்ணா. ஏரிக்கரைல நடந்து போய்க்கினு இருந்தேன். தானா வந்துச்சு."

"எந்த ஏரி?"

எத்திராஜ் யோசித்தான். ஞாபகம் வரவில்லை. காற்று, தண்ணீர், கையில் ஏதோ கிலுகிலு என்ற சத்தம், அவ்வளவுதான். பாட்டுக்காரன் எல்லோருக்கும் இப்படி ஒரு பாட்டு வானத்திலிருந்து விழும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இப்போது அவன் மனைவி தாட்சாயணி கம்பளியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஐந்து மாதம். தம்பி கல்யாணத்துக்குத் தாய்வீடு போயிருந்தவள் நேற்று இருட்டின பிறகுதான் திரும்பியிருந்தாள். தாலாட்டை அவள் இல்லாத நாட்களில்தான் பதிந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலைப்பிள்ளையை மூன்று மாதத்தில் பறிகொடுத்ததிலிருந்து வீட்டுக்குள் அவன் வாய்விட்டுப் பாடுவதில்லை. எல்லாம் கடையில்தான், மரத்தின் மேல்தான். இப்போது வயிற்றில் ஒன்று வந்திருக்கிறது. இந்தப் பாட்டை முதலில் அதற்குத்தான் கேட்க வைக்க வேண்டும் என்று அவனுக்குள் ஒரு ஆசை.

"வண்டிக்கு நேரமாவல? துன்னுட்டுப் போங்களேன்."

"ஒக்காரு. ஒரு பாட்டு கேளு. உம் புள்ளைக்குத்தான்."

அவள் சிரித்தாள். எவ்வளவு நாளைக்கப்புறம்! சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் மெஷினைத் திருகினான்.

முதல் அடியில் அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. இரண்டாவது அடியில் இல்லை. மூன்றாவது அடி மேலே ஏறி நின்றதே, அப்போது அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. 'கண்ணே' என்று எழும்பியதும், எழுந்திருக்க முடியாமல் எழுந்து, கைக்குக் கிடைத்த ஒயரைப் பிடித்து இழுத்தாள். சக்கரங்கள் முனகிக்கொண்டு நின்றன.

"அய்யய்யோ, இன்னாடி பண்ற?"

"இத்த யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"எத்த?"

"எங்கம்மா சொன்னாளா? இல்ல, அவ சொல்லமாட்டா. சாவு இல்லாத வூட்ல வாயே தெறக்கமாட்டாளே அவ." அவள் மூச்சு வாங்கினாள். "இது ஒப்பாரிங்க. எங்கம்மா வூட்டு இழுப்பு. நான் இழுத்தது."

எத்திராஜ் சிரிக்கப் பார்த்தான். தாலாட்டும் ஒப்பாரியும் ஒரு வயிற்றில் பிறந்ததுதானே, ஒன்றைப்போல ஒன்று இருக்கும் என்று சொல்லப் பார்த்தான். ஆனால் அவளுடைய ஊர் வழக்கம் அவனுக்கும் தெரியும். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி இழுத்தால் சாவு விலாசம் கேட்டுக்கொண்டு வரும் என்பார்கள். பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதாயிருந்தால்கூட ஊரைத் தாண்டி, கழனிக்குக் கூட்டிப்போய், நாற்று நடும்போதுதான் சொல்லிக்கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடு இழுப்பு வேறு. இருட்டில் கேட்டாலும் இன்னார் வீட்டுப் பெண் அழுகிறாள் என்று அந்த ஊரில் சொல்லிவிடுவார்கள்.

"அது எனக்குத் தானா வந்துச்சு தாட்சாயணி. சத்தியமா."

"தானா வந்துச்சா? அங்க நிறுத்துறீங்களே, அதுவும் தானா வந்துச்சா?"

அவன் ஒயருக்குக் கை நீட்டினான். அவள் விடவில்லை.

"எங்க இழுப்புல நிறுத்தமே கெடையாது. அங்கதான் எங்க நைனா வந்து புள்ளைய எம் மடியிலேர்ந்து தூக்கிட்டாரு."

கன்னியம்மாளின் கோழி வெளியே கத்தியது. எத்திராஜுக்கு ஏரி ஞாபகம் வந்தது.

திருத்தணிக் கூட்டம் முடிந்த அன்று. இரண்டு நாள் லாரியில் பாடிய தொண்டை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சேதி அனுப்பியிருந்தார்கள். அந்தச் சேதி ஊர் ஊராக அவனைத் தேடி, கடைசிவரை அவனிடம் வந்து சேரவேயில்லை என்பது பின்னால் தெரிந்தது. கடைத்தெருவில் ஒரு கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு, மாமியார் ஊருக்கு ஏரிக்கரையோடு நடந்தான். தண்ணீருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். பாவம், எந்த வீட்டில் எழவோ என்று நினைத்தான். சும்மா நினைத்துவிட்டுப் போயிருக்கலாம். காதில் விழுந்த மெட்டை விடாத புத்தி அவனுடையது. அது மேலே ஏறுகிற அழகில் சொக்கிப்போய்க் கூடவே முணுமுணுத்தான். மூன்றாம் அடியில் அது திடீரென்று அறுந்ததும், அடடா என்றான். அடடா என்றான், கடவுளே! கிலுகிலுப்பையைத் தொடையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே மீதி வழியும் நடந்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. பச்சைப் பிள்ளை, வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று கொண்டுபோய்விட்டார்கள். தாட்சாயணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவன் மனசு வீட்டுத் துக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஏரியைத் தூக்கி எறிந்துவிட்டது. எறிந்தது எங்கே போகும்? மெட்டாக முளைத்து வந்திருக்கிறது.

அவன் தரையில் உட்கார்ந்தான். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? அடடாவை எப்படிச் சொல்வது? "நான் கேட்டேன்," என்றான். "ஏரிக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து. நம்ம வூடுன்னு தெரியாது."

தாட்சாயணி ஒயரைத் தரையில் போட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"அந்த நாடகம் திருத்தணிக்கு வரும்ல?" என்று கேட்டாள்.

"வரும்."

"எங்கம்மா போவா. ஊரே போவும். எவளோ ஒருத்தி பொடவைய மாத்திக் கட்டிக்கினு, மரப்பாச்சிய மடில வெச்சிக்கினு இத்தப் பாடுவா. ஊரு கைத்தட்டும். அங்க... அந்த எடத்துல கைத்தட்டும். அதானே?"

அதேதான். அந்த இடத்தில்தான் கைதட்டுவார்கள். அவனும் அதைக் கண்ணை மூடிப் பலமுறை பார்த்திருக்கிறான்.

"என்கிட்ட வேற பாட்டு இல்ல தாட்சாயணி," என்றான். "மத்ததெல்லாம் சும்மா. எனக்குன்னு இது ஒண்ணுதான் கீது."

"எனக்கும் அது ஒண்ணுதான் இருந்துச்சு."

வெளியே செருப்புச் சத்தம். கோவர்த்தனன் கதவைத் தட்டினார். "டேய் எத்திராஜு! கைகாட்டி எறங்கிடுச்சுடா. டேப்ப எடுத்துக்கினு ஓடியா!"

எத்திராஜ் எழுந்தான். ஸ்டூலில் ஏறி ஒயரை மறுபடி மாட்டினான். டேப்பைப் பின்னால் சுற்றிப் பாட்டின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தான். அவிழ்த்து எடுத்துப் பெட்டியில் போட்டால் ஓடிவிடலாம். கால் துடித்தது. மெட்ராஸ் துடித்தது. அவள் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மைக்கை எடுத்துத் தரையில், இருவருக்கும் நடுவில் வைத்தான். சிவப்புப் பித்தானை அழுத்தினான். பச்சைக் கண் விழித்தது.

"இன்னா பண்றீங்க?"

"பேசாத. பதியுது. பழசு அழிஞ்சிடும்."

"மெஷின்லேர்ந்து அழிஞ்சிடும்," என்றாள் அவள் தணிந்த குரலில். "உங்க வாயிலேர்ந்து?"

அவன் உதட்டில் விரலை வைத்தான். அழிப்பதற்கும் பாட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் ஆகும். சக்கரங்கள் சுற்றின. வெயில், கோணி நாற்றம், இரண்டு பேர் மூச்சு. பச்சை அகல விரிந்தபடி இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் அவனுக்குள் பாட்டு தன்பாட்டுக்கு ஓடிற்று. கரையோரக் காத்து. கம்மங்கொல்லைக் குருவி. கோவர்த்தனன் வெளியே, "ஏண்டா, செத்தா போயிட்ட?" என்று கத்தினார். பச்சை ஒருதரம் சுருங்கி விரிந்தது. ஊரு விளக்கெல்லாம் அணைந்தது. குரல் மேலே ஏறியது, ஏறியது.

அந்த இடம் வந்தது. அவன் எதுவும் சொல்லவில்லை. மெஷினும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் தாட்சாயணியின் கைகளிரண்டும் மடியிலிருந்து கொஞ்சம் எழும்பி, வெறுமையாய், அப்படியே நின்றன. ஸ்டேஷனில் வண்டி ஊதியது. அந்தச் சத்தமும் பதிய, பச்சைக் கண் மெல்லச் சுருங்கத் தொடங்கியது.