தகரத்துக்குக் கீழே

ஆம்புலன்ஸ் தர்சனுக்கு, வேலை வராமல் இருப்பதுதான் வேலை. காலை ஆறரைக்கு வண்டியின் முகம் றோட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி, பின்கதவைத் திறந்து, மருந்துப் பெட்டியைச் சரிபார்த்துவிட்டானென்றால் பின்னேரம் வரைக்கும் குந்தியிருக்க வேண்டியதுதான். அவனுக்கு வேலை வந்தால் யாருக்கோ கால் போய்விட்டது என்று அர்த்தம். கண் இரண்டும் மிதிவெடி எடுக்கிறவர்களை விட்டு அசையக்கூடாது. ஒரு காது விசிலுக்குத் திறந்திருக்க வேண்டும். மற்றக் காதை அவன் என்ன செய்தாலும் கேள்வியில்லை. அந்தக் காதுக்குள் நாள் முழுக்க ஏதாவது பொட்காஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

செய்தியும் இல்லை, சாமிப் பாட்டும் இல்லை. வீடியோ கேமைப் பற்றி ஆட்கள் கூடியிருந்து கதைக்கிற கதை. கேமும் ஒரு கலை, சிற்பம் மாதிரி, கூத்து மாதிரி என்று மணிக்கணக்காக வாதாடுவார்கள். தர்சன் கேட்பதோடு விடமாட்டான். தேத்தண்ணி நேரத்தில் தகரக் கொட்டிலுக்குள் வந்து, இதைக் கேளுங்கோ, அதைக் கேளுங்கோ என்று ஆள் ஆளாகப் பிடித்துச் சிபாரிசு செய்வான். கேம் விளையாடுகிறதே வேலையற்ற வேலை, அதைப் பற்றி ஒருவன் கதைக்க இன்னொருவன் கேட்டுக்கொண்டிருந்தால் அவனை எதில் சேர்ப்பது என்று பெண்கள் சிரிப்பார்கள்.

"கலியாண வீட்டுக்குப் போகாம, போயிட்டு வந்தவன் ஏப்பம் விடுறதைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இவன்," என்று ராஜினி ஒருநாள் சொன்னதில் கொட்டிலே குலுங்கியது.

அது ஜெயரூபிக்குக் கால் போக முன்னம்.

ராஜினிக்கு முப்பத்தாறு வயது. தகப்பன் மூக்கன் எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து ஸ்கந்தபுரத்தில் பற்றை வெட்டிக் குடியேறிய மனிதன். சாகும்வரை மண்வெட்டியைக் கீழே வைத்ததில்லை. புருசன் விட்டுப்போன பிறகு, ராஜினியும் மகளும் அவள் சம்பளத்தில்தான் சீவிக்கிறார்கள். ஒன்பது வருசமாக மிதிவெடி எடுக்கிறாள். இப்போது வேலை நடப்பது அக்கராயனுக்கு அப்பால், சண்டைக் காலத்தில் காவலரண்கள் இருந்த காட்டோரத்தில். நிலத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஆளுக்கு ஒரு மீற்றர் அகலத்தில் லேன் கொடுப்பார்கள். முழங்காலில் நின்று, டிடெக்டரை நிலத்தோடு ஆட்டி, சத்தம் கேட்டால் பக்கவாட்டில் சுரண்டி, இருப்பதை எடுத்துவிட்டு அடுத்த சாணுக்கு நகர வேண்டும். முடிந்த இடத்துக்கு வெள்ளைக் கட்டை. வெள்ளைக் கட்டைக்குள் கண்ணை மூடிக்கொண்டும் நடக்கலாம். அந்த நம்பிக்கையில்தான் அங்கே எல்லோரும் நடக்கிறார்கள்.

பக்கத்து லேனில் மிதிவெடி எடுத்த ஜெயரூபியும் அப்படித்தான் நடந்தாள். ராஜினி வெள்ளைக் கட்டை நட்ட மூன்றாம் நாள், தண்ணிக் கானோடு அந்த லேனுக்குள்ளால் குறுக்கே வந்தவளுக்கு இடது கால் கணுக்காலோடு போனது. தர்சன்தான் ஓடிப்போய்த் தூக்கினான். விசாரணைக்கு வந்தவர்கள் படம் பிடித்தார்கள், குழியை அளந்தார்கள். அந்த மூன்று நாளுக்குள் பெய்த மழை மேட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம், வேலை செய்தவரில் பிழையில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் ராஜினிக்கு ஆறுதல் சொன்னார்கள். சொல்லி முடித்து அவர்கள் போன பிறகு சத்தம் தொடங்கும். டிடெக்டர் சத்தம். அரிசி களையும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, மகளுக்குத் தலை வாரி இழுக்கும்போது, காதடியில் இரைகிற நுளம்பு போல மெல்லிசாக நீட்டிக்கொண்டு கேட்கும். ஒருநாள் கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு, அது எங்கே கூடுகிறதென்று வளவைச் சுற்றி நடந்து பார்த்தாள். வேலியடியில் கூடியது. மாமரத்தடிக்குப் போனாள், அங்கேயும் கூடியது. எங்கே போய் நின்றாலும் அவள் நிற்கிற இடத்துக்கு நேர்கீழேதான் இருந்தது.

கடைசியில் அவளே தர்சனிடம் போனாள். காதுக்குள் போட ஏதாவது தா என்றாள். பாட்டு வேண்டாம், பாட்டுக்கு நடுவிலும் அது கேட்கிறது. ஆள் கதைக்கிறதாக வேண்டும்.

அவன் பகிடி எதுவும் விடவில்லை. மூன்று சொன்னான். 'மூன்று உயிர்' என்று சென்னையில் இரண்டு பெண்கள் நடத்துவது. ஒரு கேமில் மழை ஏன் அப்படிச் சாய்ந்து பெய்கிறது என்று ஒரு மணித்தியாலம் சண்டை பிடிப்பார்கள், சமைக்கும்போது கேட்க நல்லது. அடுத்தது மட்டக்களப்புச் சங்கீத வாத்தியார் ஒருவர், கேம்களுக்குப் பின்னால் போகிற இசையைப் பற்றிச் சொல்வது. ஆறுதலான குரல், பாதியில் நித்திரை வரும், வந்தாலும் குற்றமில்லை. மூன்றாவதைச் சொல்ல முன் கொஞ்சம் இழுத்தான். 'நிறுத்தி வை' என்று பேர். கனடாவிலிருந்து பிரதாபன் என்ற ஒருவர் தனியே கதைக்கிறார். சின்னனில் வன்னியை விட்டுப் போனவர், பேச்சு மட்டும் மாறவில்லை.

"அதில இருபத்திரண்டாவதைக் கேளுங்கோ, அக்கா. அரைவாசியில நிப்பாட்டாதேங்கோ."

"ஏன், அதில என்ன கிடக்கு?"

"கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ," என்றவன் அவள் முகத்தைப் பார்க்காமல் லேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவன் வேலை என்றபடியால் அவளுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

சென்னைப் பெண்கள் நல்ல துணையாக இருந்தார்கள். அவர்கள் சொன்ன எந்தக் கேமையும் ராஜினி கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் குசினிக்குள் அந்தச் சாய்ந்த மழை பெய்தது. குரல் காதுக்குள் இருக்கும்வரை சத்தம் எட்டத்தில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வளவுக்குள் வாழைக்குட்டி வைக்கக் குழி வெட்டியபடி இருபத்திரண்டாவதைப் போட்டாள். பிரதாபன் ஒரு கேமைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனார். பாழடைந்த வீடொன்று. விளையாடுகிறவர் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்த ஆள். கையில் ஒரு மண்வெட்டி மட்டும்தான். வளவைத் தோண்டத் தோண்டச் சாமான்கள் வரும். ஒரு கரண்டி, ஒரு பொம்மை, ஒரு பூட்டின் திறப்பு. ஒவ்வொன்று வரும்போதும் வீட்டில் ஒரு விளக்கு எரியும். எல்லாம் எடுத்து முடித்த பிறகும் வீடு அரை இருட்டில்தான் கிடக்கும். கேமை விற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று சனம் திட்டியதாம். மூன்று வருசத்துக்குப் பிறகு யாரோ ஒரு பெடியன் கைதவறி, சாமான் எடுத்த குழியையே திரும்பவும் வெட்டியிருக்கிறான். கரண்டிக்குக் கீழே இன்னொன்று இருந்தது. ஒவ்வொன்றுக்குக் கீழேயும் இருந்தது. அந்தக் குடும்பம் உண்மையாகவே ஒளித்தவை கீழேதான் கிடந்தன.

ராஜினி மண்வெட்டியை நிறுத்தினாள்.

"ஒரு சாமானைக் கண்டதும் எங்கட கை சந்தோசத்தில நிண்டுடும்," என்றது குரல். "எடுத்த குழிக்குள்ள திரும்பக் கையை விட எவருக்கும் மனம் வராது. நிண்டுபோற அந்தக் கையைத்தான் இதைச் செய்தவன் கவனிச்சு வைச்சிருக்கிறான். கேம் ஒரு கலையோ எண்டு கேக்கிறவைக்கு நான் இதைத்தான் சொல்லுறனான். படத்தில பிழை விடுறது அதில வாற ஆள். நீங்கள் பாத்துக்கொண்டிருப்பியள். இதில பிழை விடுறது நீங்கள். உங்கட கையால."

காதிலிருந்து வயரை இழுத்தாள். வெயில் சுள்ளென்று முதுகில் விழுந்தது. அந்த லேனில் வேலை செய்த நாளிலும் அதே வெயில்.

மீன் ரின்னின் தகர மூடி. துருப்பிடித்தது, உள்ளங்கை அகலம். டிடெக்டர் கத்திய கத்தலுக்குப் பெரிதாக ஏதோ என்று நினைத்துச் சுரண்டினாள். மூடி வந்ததும், சே, இதுக்கா என்று வாளிக்குள் எறிந்தாள். பெரிய தகரத்தின் சத்தத்துக்குள் மிதிவெடியின் சின்ன இரும்புச் சத்தம் அமுங்கிப்போகும். அதனால்தான் எதை எடுத்தாலும் அதே இடத்தைத் திரும்ப ஒருதரம் டிடெக்டரால் பார்க்க வேண்டும். பயிற்சியில் முதல்நாள் சொல்லித் தருவதே அதுதான். பிறகு புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அவளே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அன்று மூடி வாளிக்குள் விழுந்த சத்தமும் ஓய்வு விசிலும் ஒன்றாகக் கேட்டன. எழும்பினாள். திரும்பி வந்தபோது அடுத்த சாணிலிருந்து தொடங்கினாள்.

மழை ஒன்றையும் இழுத்துக்கொண்டு வரவில்லை.

அந்த ஒரு தரம் மட்டும்தானென்று அவளால் சத்தியம் பண்ண முடியாது. இந்த வருசம் மட்டும் அவளுடைய மூன்று பெட்டிகள் முடிந்து கிடந்தன. வருகிற புதன்கிழமை அந்த நிலத்தைச் சொந்தக்காரரிடம் கொடுக்கப் போகிறார்கள். சிவலட்சுமி என்ற மனுசி பதினைந்து வருசமாகச் சகோதரன் வீட்டுக் கோடியில் இருந்துகொண்டு, கச்சான் கடலை போடப்போகிறேன் என்று இப்போதே தளத்து வாசலில் விதை மூட்டையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நிற்கிறாள். கச்சான் போடுகிறவள் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்துவாள். ராஜினி வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் புதன்கிழமைக்குப் பிறகு அந்த மண்வெட்டி இறங்குகிற ஒவ்வொரு கொத்தும் அவள் தலைக்குள் இறங்கும்.

யாரிடம் சொல்வதென்றாலும் முதலில் ஜெயரூபியிடம் சொல்ல வேண்டும். திங்கள் வேலை முடிந்து பஸ் ஏறினாள்.

ஜெயரூபி விறாந்தையில் ஒரு கதிரையில் இருந்து, கட்டுப்போட்ட காலை மற்றக் கதிரையில் நீட்டியிருந்தாள். இருபத்தொன்பது வயதுப் பிள்ளை. காதில் வயர். ராஜினியைக் கண்டதும் கழற்றி மடியில் வைத்தாள். ராஜினி நின்றபடியே சொன்னாள். மூடி, விசில், எழும்பியது, எல்லாம்.

"தெரியும், அக்கா," என்றாள் ஜெயரூபி.

ராஜினி தூணைப் பிடித்தாள்.

"பக்கத்து லேன்ல நான்தானே நிண்டனான். நீங்கள் மூடியை வாளிக்குள்ள எறிஞ்சு போட்டு எழும்பினதைப் பாத்தனான். அந்த நேரம் ஒண்டும் தோணேல்ல. நானும் அப்பிடி எழும்பினனான்தானே, எத்தினை தரமோ. ஆஸ்பத்திரியில கிடக்கேக்க தர்சன் அந்த இருபத்திரண்டைக் கேக்கச் சொல்லி அனுப்பினவன். அவனுக்கு ஒண்டும் தெரியாது, எல்லாருக்கும் அனுப்பிறமாதிரி அனுப்பினவன். கேட்டாப்பிறகுதான் எனக்கு அந்த மூடி வந்தது, கண்ணுக்கு முன்னால."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"நேர சொன்னா என்ர காலுக்கு நியாயம் கேட்டமாதிரி இருக்கும். அதுதான் உங்களுக்கு அதைக் குடு எண்டு அவனிட்டச் சொன்னனான். நீங்களாக் கண்டுபிடிச்சா ஓம், இல்லையெண்டா விடுவம் எண்டு இருந்தனான்." மடியில் கிடந்த வயரைச் சுற்றிக்கொண்டு, "விட்டிருக்க மாட்டன்," என்றாள். "புதன்கிழமைக்கு முதல் எங்கட சுப்பவைசர் யோகலிங்கம் சேருக்குப் போன் எடுத்திருப்பன்."

கோபமில்லையா என்று ராஜினி கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட பிறகு தெரிந்தது.

"வருது. விடிய எழும்பி ரெண்டு காலையும் நிலத்தில வைக்கப் போகேக்க ஒவ்வொரு நாளும் வருது. அது கிடக்கட்டும். மற்றப் பெட்டியள் என்னமாதிரி? என்ர லேன்களையும் சேத்துச் சேரிட்டச் சொல்லுங்கோ."

செவ்வாய் காலை ராஜினி கவசத்தைப் போடாமல் மேற்பார்வையாளர் யோகலிங்கத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். அவர் முன்னால் நிலம் கையளிக்கிற கடதாசிகள் கிடந்தன. கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக அடுக்கினார். திட்டவில்லை. எந்தெந்த இடம் என்று ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

"இல்லை, சேர். ஞாபகம் இருந்தா இப்பவே போய்ப் பாத்திருப்பன்."

மூன்று பெட்டியையும், ஜெயரூபியின் லேன்களையும் அடியிலிருந்து திரும்பப் பார்க்கச் சொன்னார். புதன்கிழமைக் கையளிப்பு நின்றது. ராஜினியை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். எவ்வளவு நாளைக்கு என்று அவளும் கேட்கவில்லை. வாசலில் சிவலட்சுமி நின்றாள். மாரி மழை தொடங்க முன் விதை போட விடாமல் நாசமாக்கிறியள், உங்களுக்கென்ன, மாசம் மாசம் சம்பளம் என்று அவள் பொரிந்து தள்ளியதை ராஜினி நின்று முழுக்கக் கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டு றோட்டில் இறங்கினாள்.

எடுக்கிற மிதிவெடிகளை அன்றன்று பின்னேரம் மூன்று மணிக்குத்தான் வெடிக்கவைப்பார்கள். மிச்ச நிலத்தில் யாரும் வேலை செய்யாதபடியால் இனி வெடிக்கிறதென்றால் அந்தத் திரும்பப் பார்க்கிற நிலத்தில் எடுத்ததாகத்தான் இருக்கும். காற்று ஒத்தாசையாக வீசினால் சத்தம் ஸ்கந்தபுரம்வரை வரும். புதன் மூன்று மணிக்கு ராஜினி வளவில் நின்றாள். ஒன்றுமில்லை. வியாழனும் ஒன்றுமில்லை. வெள்ளியும் அப்படியே போனபோது, வீணாக ஒரு மனுசியின் விளைச்சலைக் கெடுத்துவிட்டேனோ என்று கிடந்து உழன்றாள். காலுக்குக் கீழே மட்டும் அந்தச் சத்தம் நீட்டிக்கொண்டே இருந்தது. காதுக்குள் எதையும் போட்டு அதை மறைக்க அவள் இப்போது முயலவில்லை.

சனிக்கிழமை, போன ஞாயிறு வெட்டிய குழியடியில் இருந்தாள். வாழைக்குட்டி நடாமலே வாடிக் கிடந்தது. மூன்று மணி தாண்டிக் கொஞ்சம். மேற்கே காட்டுப்பக்கம் ஒருதரம் குமுறியது. குசினிக் கூரையிலிருந்து காகங்கள் எழும்பின.

அரை மணித்தியாலத்தில் தர்சனின் குரல் பதிவு வந்தது.

"அக்கா, ஒண்டு. உங்கட ரெண்டாவது பெட்டிக்குள்ள. ஆணி எடுத்தது எண்டு நீங்கள் நிலப்படத்தில குறிச்சு வைச்ச இடம். அதில இருந்து நாலு விரல் கீழ." பின்னால் விசில் கேட்டது. யாரோ கூப்பிட்டார்கள். "இன்னும் ஒரு பெட்டி கிடக்கு," என்றான். முதல்முறையாக, கேட்கச் சொல்லி எதையும் அவன் அனுப்பவில்லை.

ராஜினி போனைத் தூர வைத்தாள். ஞாயிறு குழி வெட்டும்போது தட்டுப்பட்டு, வெளியில் எடுத்துப் போட்ட கல்லொன்று பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்த இடத்தில் கையை விட்டாள். ஈர மண். வேர் ஒன்று. வேறொன்றும் இல்லை.

கையை எடுத்துத் துடைத்தாள். பிறகு அதே இடத்தில் திரும்பவும் விட்டாள்.