சொல்லிட்டுச் செய்யுங்க, சிஸ்டர்

ஊசி போடுவதில் பூனை சிஸ்டரை அடித்துக்கொள்ள அந்த ஆஸ்பத்திரியிலேயே ஆள் கிடையாது. வருவதும் தெரியாது, குத்துவதும் தெரியாது, போவதும் தெரியாது. 'எப்போ குத்தப் போறாங்களோ' என்று பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருப்பவர் மெல்லத் திரும்பிப் பார்த்தால், சிஸ்டர் அடுத்த கட்டிலில் நிற்பார். அதனால்தான் பூனை. யார் வைத்த பெயரோ, சிஸ்டருக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அப்பேர்ப்பட்டவர் எம்.எஸ்சி. நர்சிங் சேர்க்கைத் தேர்வில், அதுவும் ஊசி போடுவதில், போன வருடம் கோட்டை விட்டார் என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆக வேண்டும்.

சேர்வதற்குக் கேட்டதெல்லாம் அவரிடம் இருந்தது. பி.எஸ்சி. பட்டம் இருந்தது. கவுன்சில் பதிவு இருந்தது. வார்டு அனுபவம் தேவைக்கு மேலேயே இருந்தது. ஆஸ்பத்திரியின் தடையில்லாச் சான்றும் கைக்கு வந்துவிட்டது. அதற்காக மேட்ரன் பின்னால் நாயாய் அலைந்தது தனிக் கதை. எழுத்துத் தேர்விலும் நல்ல மார்க். கடைசியாகச் செய்முறைத் தேர்வு. கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்கவைத்து, "இந்த நோயாளிக்கு ஊசி போடுங்க" என்றார்கள். சிஸ்டர் போட்டார். ஸ்டாப்வாட்சோடு நின்ற தேர்வாளர் தொண்டையைக் கனைத்துக்கொள்வதற்குள் போட்டு முடித்து, ஊசியைக் குப்பை டப்பாவில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மூக்குக் கண்ணாடி போட்ட இன்னொரு தேர்வாளர், காலேஜில் எல்லோரும் நடுங்கும் மேடம், மார்க் பேப்பரையும் சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கை கழுவினீங்களா?"

"கழுவினேனே, மேடம்."

"சொல்லலையே. பேர் கேட்டீங்களா?"

"பொம்மைகிட்டயா?"

"நோயாளிகிட்ட."

சிஸ்டருக்கு வாய் அடைத்துப்போயிற்று. அது எப்போதும் அடைத்தேதான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

"என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லிட்டுச் செய்யணும். சொல்லாத எதுக்கும் என்னால மார்க் போட முடியாது" என்றார் மேடம். "நாளைக்கு நீங்க டீச்சர் ஆகப் போறவங்க. பிள்ளைங்க உங்க கையையே பாத்துட்டு நிக்கணுமா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் சிஸ்டர் எம்.எஸ்சி.க்கு ஆசைப்பட்டதே டீச்சர் ஆவதற்குத்தான். வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகளைக் கண்டாலே அவருக்கு மனசு துள்ளும். ஒவ்வொருத்திக்கும் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்போல் இருக்கும். ஆனால் வாயில் வருவது ஒரே ஒரு வார்த்தை: "பாத்துக்கோ." அந்தப் பெண்கள் பார்ப்பார்கள். பார்த்து முடிப்பதற்குள் ஊசி போட்டாகியிருக்கும். எல்லோரும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள்.

இந்த வருடம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் விண்ணப்பம் போட முடியாது. ஸ்டாடிஸ்டிக்ஸ், ஆராய்ச்சி, தீசிஸ் என்று பாடத்திட்டத்தில் எத்தனையோ பூதங்கள் வரிசையில் நின்றன. சிஸ்டர் அவை எதற்கும் பயப்படவில்லை. வாயைத் திறக்க வேண்டுமே, அதற்குத்தான் பயந்தார்.

இந்த இடத்தில்தான் அவருடைய வீட்டுக்காரரைச் சொல்ல வேண்டும். அவர் சலூன் வைத்திருக்கிறார். வாய் ஓய்ந்தால் கத்தரி நின்றுவிடும், அப்படி ஒரு தொழில்காரர். நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் மழையில் ஆரம்பித்து, மழைநீர் வடிகாலுக்குப் போய், அங்கிருந்து தன் மச்சான் செய்த துரோகத்துக்கு வந்து சேர்வதற்குள் கிருதா இரண்டும் ஒரே அளவில் இறங்கியிருக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து "உங்க வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டா என்ன?" என்பதுதான் சிஸ்டர் அவரிடம் பேசிய மிக நீளமான வாக்கியம்.

இப்போது அவரிடமே போய் நிற்க வேண்டியதாயிற்று.

"ஏங்க, கை வேலை செய்யும்போது வாயும் எப்படிங்க ஓடுது உங்களுக்கு?"

வீட்டுக்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். இந்தக் கேள்விக்காகவே இத்தனை வருடம் காத்திருந்தவர்போல நெஞ்சை நிமிர்த்தினார். "அப்படி வா வழிக்கு!"

அன்று சாயங்காலமே சலூனில் பயிற்சி தொடங்கியது. மகள், காலேஜிலிருந்து வாங்கிவந்த மார்க் பேப்பரின் நகலை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மா ஏதாவது ஒரு படியைச் சொல்லாமல் தாண்டினால் "கட்!" என்று கத்துவது அவள் வேலை. சிஸ்டர் ஒரு துண்டைச் சுருட்டி மேஜையில் வைத்து, வெறும் சிரிஞ்சோடு ஒத்திகை பார்த்தார். நாற்காலியில் தபால்காரர் ஒருவர், முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணை மூடிச் சொக்கிக் கிடந்தார். வீட்டுக்காரர் அப்போதுதான் பாதி முகத்தை முடித்திருந்தார்.

"சத்தமா சொல்லும்மா. கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்" என்றார் வீட்டுக்காரர்.

சிஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டு, சரியாகத் தபால்காரரின் தலைக்குப் பின்னால் நின்று, உரக்கச் சொன்னார்: "ஐயா, இப்போ தோலை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டேன். அசையாதீங்க. ஊசி உள்ள போகுது!"

தபால்காரர் போனது அப்புறம்தான் தெரிந்தது. கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணி பறக்க, பாதி நுரையும் பாதி முகமுமாக அவர் தெருக்கோடி வரை ஓடிவிட்டார். வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடினார். தபால்காரர் திரும்பிப் பார்த்தபோது அவர் கையில் சவரக்கத்தி இருந்தது. அதனால் ஓட்டம் இன்னும் நீண்டது.

"அம்மா," என்றாள் மகள், பேப்பரைப் பார்த்தபடி. "பேர் கேக்காம ஊசி போட்டுட்ட. கட்."

அதற்குப் பிறகு பயிற்சி வீட்டுக்கு மாறியது. வீட்டுக்காரரே நோயாளியாகக் கட்டிலில் படுத்தார். அவருக்கா நடிக்கச் சொல்லித்தர வேண்டும்? "உங்க பேர் என்ன ஐயா?" என்று கேட்டால் பேரைச் சொல்லி, பேர் வைத்த கதையைச் சொல்லி, "உடம்புக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், வீட்டுல பொண்டாட்டி பேசவே மாட்டேங்குறா, அந்தக் கவலைதான் உருக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒவ்வொரு பதிலும் முடியும்வரை சிஸ்டர் பொறுமையாக நின்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவார். நோயாளி சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று மார்க் பேப்பரிலேயே போட்டிருந்தது.

போகப் போக வாய் ருசி கண்டுவிட்டது. "இப்போ நான் கதவைத் திறக்கப் போறேன்." "இப்போ வெங்காயம் நறுக்கப் போறேன், கொஞ்சம் கண் எரியும், பயப்படாதீங்க." ஒரு நாள் காலையில், "இப்போ நான் குளிக்கப் போறேன்."

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம் சொல்ற?" என்றார் வீட்டுக்காரர். அவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சு அலுத்துப்போனது அன்றைக்குத்தான்.

தேர்வு நாள் வந்தது. அதே அறை, அதே கட்டில், அதே ரப்பர் பொம்மை. ஸ்டாப்வாட்ச் தேர்வாளரும் அதே ஆள்தான். மூக்குக் கண்ணாடி மேடமும் அதே நாற்காலியில்.

சிஸ்டர் உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார். "வணக்கம். நான் இந்த வார்டு நர்ஸ். இப்போ கை கழுவுறேன்." குரல் கணீரென்று இருந்தது. மேடம் தலையை ஆட்டி மார்க் போட்டார். சிஸ்டர் பொம்மையின் அருகில் போய்க் குனிந்தார்.

"உங்க பேர் என்ன ஐயா?"

பொம்மை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிஸ்டர் காத்திருந்தார். இத்தனை நாளும் கேள்வி கேட்டால் பதில் மளமளவென்று கொட்டும். அது முடிந்ததும் அடுத்த படி. இப்போது பதிலே வரவில்லை. பதில் வராமல் எப்படி மருந்து கொடுப்பது? ஆள் மாறிவிட்டால்?

"ஐயா, உங்க பேரைச் சொல்லுங்க."

ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. வைத்திருந்தவர் நெளிந்தார். "அது பொம்மைங்க. நீங்க மேல போங்க."

"பேர் தெரியாம நான் எப்படி சார் ஊசி போடுவேன்?"

போன வருடம் பேர் கேட்காமல் போட்டதற்கு மார்க் போயிற்று. இந்த வருடம் கேட்டுவிட்டு நிற்பதால் நேரம் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் போச்சு என்றுதான் சிஸ்டர் நினைத்தார். ஆனாலும் கால் நகரவில்லை.

மேடம் பெருமூச்சு விட்டு, நாற்காலியைக் கட்டிலின் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேப்பரைப் பார்த்து, பொம்மைக்குக் கொடுத்திருந்த பெயரை வேண்டாவெறுப்பாகப் படித்தார். சிஸ்டர் முகம் மலர்ந்தது. பொம்மையின் கைப்பட்டையிலும் அதே பெயர் இருப்பதைச் சரிபார்த்துச் சொன்னார். மருந்தின் பெயர், அளவு, காலாவதி தேதி எல்லாவற்றையும் சொன்னார். "எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா?"

"இல்ல."

"ஊசின்னா பயமா?"

இந்தக் கேள்வி பேப்பரில் இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்டுப் பழகியது, வாயில் வந்துவிட்டது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பயம்தான்" என்றார். அது பொம்மையின் குரலாக இல்லை.

ஸ்டாப்வாட்ச்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"குத்துறது கூட பரவாயில்ல," என்றார் மேடம். "எப்போ குத்துவாங்கன்னு தெரியாம படுத்திருக்கோம் பாருங்க, அதுதான் பயம். போன மாசம் எனக்கு உடம்பு சரியில்லாம படுத்திருந்தேன். ஒரு நர்ஸ் வருவாங்க. கெட்டிக்காரங்கதான். ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. சத்தமில்லாம பின்னால வந்து நிப்பாங்க. கதவுப் பக்கம் நிழல் ஆடினாலே எனக்கு உடம்பு விறைச்சிடும்."

சிஸ்டருக்குச் சுரீர் என்றது. அது அவர் இல்லை. மேடம் வேறு எங்கேயோ படுத்திருந்தார். ஆனால் தன் வார்டில் பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்த முதுகுகள் எல்லாம் அந்த நொடியில் அவருக்கு ஞாபகம் வந்தன. அத்தனை பேரும் அவருடைய நிழலுக்குத்தான் விறைத்துக் கிடந்திருக்கிறார்கள். பூனை என்று பெயர் வைத்ததை அவர் பாராட்டு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்! வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"நான் சொல்லாம எதுவும் செய்ய மாட்டேங்க," என்றார் மேடத்திடம். இது ஒத்திகை பார்த்த வசனம் இல்லை. "துடைக்கும்போது ஜில்லுனு இருக்கும். அப்புறம் குத்தும்போது சொல்வேன். வேண்டாம்னா நிறுத்துங்கன்னு சொல்லுங்க, நிறுத்திடுவேன். சரியா?"

"சரி."

பஞ்சை எடுத்தார். மணி அடித்தது.

சிரிஞ்சு இன்னும் தட்டில் இருந்தது. போன வருடம் ஒன்றும் சொல்லாமல் எல்லாம் செய்தார். இந்த வருடம் எல்லாம் சொல்லிவிட்டு ஊசியை மட்டும் போடவில்லை.

"நேரம் முடிஞ்சிடுச்சு" என்றார் ஸ்டாப்வாட்ச்காரர்.

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு பஞ்சைக் கீழே வைக்கப் போனார்.

"அதெப்படி?" என்றார் மேடம், நாற்காலியை விட்டு எழாமலே. "எனக்கு இன்னும் ஊசி போடலையே!"

"மேடம், ரூல்ஸ் படி..."

"நேரத்துக்கு உண்டான மார்க்கைக் குறைச்சுக்கோங்க, அது ரூல்ஸ். நோயாளிய பாதியில விட்டுட்டுப் போகக் கூடாது, அதுவும் ரூல்ஸ்தான். நீங்க போடுங்கம்மா."

சிஸ்டர் போட்டார். ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி, ஊசியை டப்பாவில் போடுவது வரைக்கும் சொல்லி, நிதானமாகப் போட்டார். "முடிஞ்சது. வலிச்சுதா?" என்று கேட்டபோது மேடம் தன் கையைத் தானே தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

மார்க் குறைந்திருக்கும் என்று சிஸ்டருக்குத் தெரியும். எவ்வளவு என்றுதான் தெரியாது. தேர்வானவர்கள் பட்டியல் ஒட்டும் நாளில் வேண்டுமென்றே வார்டு வேலையை மாற்றிக்கொள்ளாமல் இருந்துவிட்டார். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்று வீட்டுக்காரரைத்தான் அனுப்பினார்.

அன்று ஆண்கள் வார்டில், எதற்கெடுத்தாலும் கத்தும் பஸ் டிரைவர் ஒருவருக்கு ஊசி. "ஐயா, நான்தான் வந்திருக்கேன். பின்னாலதான் நிக்கிறேன்" என்று தொடங்கினார் சிஸ்டர். பயிற்சி மாணவிகள் சுற்றி நின்று, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஓ, இத்தனை நாளா போட்டது நீங்கதானா?" என்றார் டிரைவர் தலையணைக்குள்ளிருந்து. "முகத்தைப் பாத்ததே இல்லையே!"

அப்போது வார்டு வாசலில் வீட்டுக்காரர் வந்து நின்றார். சலூன் கோட்டைக் கூடக் கழற்றவில்லை. மூச்சு இரைத்தது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சத்தம் வரவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஏதோ காட்டினார். அப்புறம் அப்படியே கதவு நிலையில் சாய்ந்துகொண்டு தேம்ப ஆரம்பித்துவிட்டார்.

"என்னங்க, கிடைச்சுதா இல்லையா? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

அவர் தலையை மட்டும் மேலும் கீழுமாக ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

சிஸ்டர் மாணவிகளைப் பார்த்தார். டிரைவரின் விறைத்த முதுகைப் பார்த்தார். சிரிஞ்சைப் பத்திரமாகத் தட்டில் வைத்தார். டிரைவரின் தோளில் கையை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி தெளிவாகச் சொன்னார்:

"ஐயா, இப்போ நான் கொஞ்சம் அழப் போறேன். பயப்படாதீங்க."