பனியில் தொங்கிய பேச்சு

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தே தொடங்கலாம்: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நடந்தது. கூட்டிச் சொன்னது எதுவும் கிடையாது. மூடுபனியின் அடர்த்தியை மட்டும், கேட்பவர்கள் நம்பமாட்டார்களே என்று, கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கிறது.

தியாகதுருகத்து ஏஞ்சலின், கள்ளக்குறிச்சியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கல்வராயன் மலைமேல் சாமையும் தினையும் எடை போட்டு வாங்கும் மையம் ஒன்று உண்டு. கம்பெனி அங்கே போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் ஏற்பாடு ஒழுங்காக ஓடவில்லை. என்ன குறை, என்ன வேண்டும் என்று அதில் புழங்குகிறவர்களிடமே கேட்டு எழுதிவருவதுதான் அவள் வேலை. அனுப்பும்போதே மேலாளர் லாரன்ஸ் சொல்லிவிட்டார்: "வெறுங்கையோட வந்தா நேரா வூட்டுக்கே போயிடலாம்மா."

போனதும் கேள்வித்தாளை விரித்துக்கொண்டு, எடை போட்டுப் பதிவு செய்யும் மாதனைக் கேட்டாள்.

"இதுல வேலை செய்ய சுலபமா இருக்குதாங்க?"

"ஆமாங்கம்மா."

"கஷ்டமா இருக்குதா?"

"அதுவும் ஆமாங்கம்மா."

சாமை கொண்டுவந்த சாமியம்மாளைக் கேட்டாள்.

"எல்லாம் நல்லாத்தான் கீது பாப்பா. நீ மொதல்ல சாப்ட்டியா?"

மலையேறி வந்த விருந்தாளியின் முகத்துக்கு நேரே குறை சொல்வது அந்த ஊரில் வழக்கமில்லை. சாயங்காலத்துக்குள் அவள் வயிறு சாமைச் சோற்றாலும் தேனாலும் நிறைந்துவிட்டது. தாளில் 'ஆமாம்' தவிர ஒன்றுமில்லை.

அப்போது பனி இறங்கியது. கடுக்காய் மரங்கள் ஒவ்வொன்றாக, நின்ற இடத்திலேயே கரைந்தன. மையத்தைப் பூட்டிய மாதன் அந்த வெள்ளைக்குள் முகத்தை நுழைத்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கொஞ்சம் தள்ளி சாமியம்மாளும் அப்படியே வாயசைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

அந்த மலையில் பனிக்குள் பேசிய பேச்சு உடனே கேட்காது. அப்படியே தொங்கும். காலையில் வெயில் பட்டதும்தான் சொட்டும், பேசியவர் குரலிலேயே. மனக்குறையை எல்லாம் அதில்தான் விடுவார்கள். ஒரே ஒரு முறைதான் பிசகியது. காற்று பனியை அடித்துக்கொண்டு மலையிறங்கிப் போனதில், மாமியாரைப் பற்றி மாதன் பேசியது மொத்தமும் நைனார்பாளையத்தில் அந்த மாமியார் வாசலிலேயே சொட்டிவிட்டது. அதிலிருந்து மாதன் காற்றடிக்கும் திசையைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

ஏஞ்சலினுக்கு இதெல்லாம் தெரியாது. ஆளில்லை என்று நினைத்து அவளும் பனிக்குள் நின்று வாய்விட்டுப் புலம்பினாள். பஞ்சுப் பொதிக்குள் பேசுவதுபோல, தன் குரல் தன் காதுக்கே எட்டவில்லை. மனசு லேசாகி, மையத்தை ஒட்டிய அறையில் போய்ப் படுத்தாள்.

காலையில் பேச்சுச் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். மரக்கிளையிலிருந்து சாமியம்மாளின் குரல் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரே மூட்டைல நடுவுல கயிறு கட்டி ரெண்டு வூட்டு சாமைய ஏத்தியாறோம். கீழ எங்குளுது, மேல நாத்தனாருது. அந்தப் பொட்டி ஒரு பேருதான் கேக்குது. ரசீது அவ பேருல போயிட்டா நான் இன்னா பண்றது?"

தகரக் கூரையிலிருந்து மாதன்: "மூட்டைய எறக்கறதுக்குள்ள பொறந்த தேதி கேக்குது. யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் என் தேதியவே போட்டுக்கினு கீறேன். மலையே ஒரே நாள்ல பொறந்துகீது."

மறுபடி கிளையிலிருந்து: "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். காயிதத்தப் பாத்துக்கினே கேக்குது. மூஞ்சியப் பாத்துக் கேட்டா இன்னாவாம்?"

ஏஞ்சலின் முகம் சிவந்தது. அதற்குள் மூட்டைகளோடு ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கதவுக்கு மேலிருந்து அவள் குரலே சொட்டியது: "ஒருத்தரும் உண்மைய சொல்ல மாட்டேங்கறாங்களே. இப்படியே போனா என் வேலை போயிடுமே..."

சாமியம்மாள் மூட்டையைத் தொப்பென்று இறக்கினார்.

"இன்னா பாப்பா இது! கொறை சொன்னாத்தான் வேலை நிக்கும்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஆமான்னு சொன்னா ஒனக்கு நல்ல பேரு வரும்னு நாங்க தலைய ஆட்டி ஆட்டி, கழுத்தே சுளுக்கிக்கிச்சி!"

ஏஞ்சலின் கேள்வித்தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, முகங்களைப் பார்த்தாள். பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. சொல்லக் குறை இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிவந்து சொன்னார்கள். மாதன் தன் மாமியாரைப் பற்றிய குறை வரைக்கும் போனார்.

"அது கம்ப்யூட்டர்ல வராதுங்க."

"ஒரு ஓரமா போட்டு வைங்கம்மா. ஆறுதலா இருக்கும்."

எல்லாவற்றையும் படித்த லாரன்ஸ், ஏஞ்சலினை வேலையில் நிரந்தரமாக்கினார். மையத்தில் புதிய ஏற்பாடு வந்தது. பிறந்த தேதி போயிற்று. திரையில் ஒரு மூட்டை தெரியும், அதன் நடுவில் பச்சையாய் ஒரு கயிறு, கீழே ஒரு வீட்டின் பெயர், மேலே ஒரு வீட்டின் பெயர். பனி நாட்களில் அந்தக் கயிறு மெல்ல ஆடும்.

அதே கற்பூரத்தின் மேல் இன்னொரு சத்தியம்: அந்த மையத்தில் இன்றுவரை கம்ப்யூட்டர் வைத்ததே இல்லை.