ஒரு மணி நேரப் பொய்

என் வீட்டுக்காரர் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். கையில் பிரஷ் இருந்தால் உலகமே காத்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணத்துக்கே தாமதமாக வந்த மகாராஜா. அதனால் எட்டு மணி என்றால் அவரிடம் ஏழு என்றுதான் சொல்வேன். இருபது வருடமாக இந்தப் பொய்தான் எங்களை நேரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது.

அவருக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய். அவருடைய ஸ்டெம் செல்களையே எடுத்து உறைய வைத்து, கடுமையான மருந்து கொடுத்த பிறகு திருப்பி ஏற்ற வேண்டும். போன முறை எத்தனை ஊசி போட்டும் செல்கள் எலும்பை விட்டு வெளியே வரவில்லை. இவருடைய செல்கள்தானே, இவர் புத்திதான் அதுகளுக்கும் இருக்கும்.

"இந்தத் தடவை கூடவே ஒரு புது ஊசி போடறோம். போட்டு பதினோரு மணி நேரத்துல ரத்தத்துல செல் நிறைய இருக்கும். அந்த நேரத்துக்கு, ரத்தத்துல இருந்து செல்லைப் பிரிச்சு எடுக்கற மெஷின்ல படுத்திருக்கணும். இதுலயும் தேறலைன்னா இந்தச் சிகிச்சையே பண்ண முடியாதும்மா" என்றார் டாக்டர்.

மெஷின் காலை ஏழு மணிக்கு. வழக்கம்போல இவரிடம் ஆறு என்று சொல்லி வைத்தேன்.

முந்தின நாள் சாயங்காலம், வீட்டுக்கு வந்து ஊசி போடும் சிஸ்டருக்கு நேரம் சொல்லப் போனை எடுத்தேன்.

"நான் மத்தியானமே சொல்லிட்டேன்" என்றார் இவர்.

இவருக்குத் தெரிந்தது ஆறு மணிதானே. அந்தக் கணக்கில், ராத்திரி எட்டுக்குப் போட வேண்டிய ஊசியைச் சிஸ்டர் ஏழுக்கே வந்து குத்திவிடுவாள். என்ன சொன்னீங்க என்று இவரிடம் கேட்டால் குட்டு உடைந்துவிடும். சிஸ்டரோ போனை எடுக்கவில்லை. வந்ததும் கையைப் பிடித்துத் தடுக்கலாம் என்று வாசலிலேயே நின்றேன். ஏழு மணிக்கு அவள் வரவில்லை. இனி வரவே மாட்டாளோ என்று அடுத்த பயம் பிடித்துக்கொண்டது.

எட்டு அடிக்கக் கொஞ்சம் முன்னால் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"வேற வீட்டுல ஊசி போட்டுட்டு இருந்தேன்க்கா, போனைப் பார்க்கலை. காலைல ஏழு மணிக்கு மெஷின்னு அண்ணன் சொன்னாரே, அப்ப ஊசி எட்டுக்குத்தானே? வார்டுலயும் கேட்டுட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். இவர் சட்டையை வயிற்றுக்கு மேல் தூக்கிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"நீ ஆறுன்னா ஏழுதானே? இது கூடத் தெரியாமலா இருபது வருஷம் உன்கூடக் குப்பை கொட்டறேன்?"

மறுநாள் மெஷின் பகல் முழுக்க ஓடியது. சாயங்காலம் டாக்டரே வார்டுக்கு வந்தார். "ஒரே நாள்ல தேவையானது கிடைச்சிடுச்சு. மிச்சம் கூட இருக்கு."

ஜெயித்துவிட்டோம். வார்டே பார்க்க அழுதேன், வெட்கமே படவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு அட்மிஷன் என்றார்கள். இனி இவரிடம் எதற்குப் பொய் என்று, உள்ளபடியே "பத்து மணி" என்றேன்.

"அப்ப பதினொண்ணுக்குப் போனாப் போதும்" என்றார்.

சிரித்துவிட்டேன். இந்த மனுஷன் இன்னும் பல வருஷம் எல்லாவற்றுக்கும் லேட்டாகவே வரட்டும்.