ஆறு அதிகம்

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் கூட்டல் சுடோகு அந்த வீட்டில் மூத்த மருமகளின் தனிச்சொத்து. சாதாரண சுடோகு மாதிரிதான். ஆனால் துப்புக்கு ஒரு எண்கூடப் போட்டிருக்காது. புள்ளிக்கோட்டால் அடைத்த கூண்டுகளும், அதனதன் மூலையில் கூட்டுத்தொகையும் மட்டும் இருக்கும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வாரமெல்லாம் ஊசியோடு மாரடிக்கிறவளுக்கு, மாமனார் வாயால் "கெட்டிக்காரி" என்று கேட்பதில்தான் ஞாயிறு விடியும்.

சின்ன மருமகள் வந்து சேர்ந்தாள். அழகு நிலையத்தில் வேலை. ஒருநாள் மூத்தவளின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, மூணு கட்டத்துல இருபத்துநாலுன்னா ஏழு, எட்டு, ஒம்பதுதானே?" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் மாமனார் பேப்பரை அவளிடமே நீட்டினார்.

மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. "நேத்து வந்தவ!" என்று புருஷனிடம் பொருமினாள். "கணக்குதானே, விடு" என்றான் அவன். அவனுக்கென்ன தெரியும்?

அடுத்த ஞாயிறு முதல் ஆளாக எழுந்து, வாசலில் கிடந்த பேப்பரைப் பிரித்து, ஒரு பதினொன்றின் கடைசி ஒன்றுக்குக் கறுப்புப் பேனாவால் தொப்பி மாட்டினாள். பதினேழாகிவிட்டது.

சின்னவளின் பென்சில் ஓடியது, நின்றது. "என்னம்மா, வண்டி நகரலையா?" என்றார் மாமனார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மூத்தவளுக்கு உள்ளம் குளிர்ந்தது.

"இந்த ஒம்பது கட்டச் சதுரத்துல எந்தக் கூண்டும் வெளிய போகலை மாமா. ஒண்ணுலேர்ந்து ஒம்பது வரைக்கும் கூட்டினா நாப்பத்தஞ்சுதானே வரணும்? கூண்டுத் தொகையெல்லாம் சேர்த்தா அம்பத்தொண்ணு வருது. ஆறு அதிகம்." பேப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். பேனா மை பளபளத்தது. நிமிர்ந்து மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அச்சுப்பிழை, மாமா."

காட்டிக்கொடுத்திருந்தாலாவது நாலு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை.

பாத்திரம் கழுவும்போது சின்னவள் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, ஒரு கூண்டுல ஆறு கூட்டினா, அதே சதுரத்துல இன்னொண்ணுல ஆறு குறைச்சிடுங்க. லேசுல பிடிபடாது."

மூத்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திருட்டுத்தனத்திலும் இவள்தான் முந்துவாளா என்ற எரிச்சலும் கூடவே வந்தது.

மறுவாரம் புருஷனை விரட்டி இன்னொரு பேப்பர் வாங்கிவரச் சொன்னாள். ஓரகத்திகள் இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பென்சிலை முதலில் கீழே வைத்தவள் சின்னவள்தான்.

"வாயைத் திறந்தே, பாரு" என்றாள் மூத்தவள், தலை நிமிராமல். "எனக்கு இன்னும் மூணே கட்டம்தான்."