மாமனாரின் முகம் விலைபோன விதம்

பூட்டு ரிப்பேர் செய்யும் மாமனாருக்கு மருமகன் மேல் முதல் நாளிலிருந்தே சந்தேகம். வேலைக்குப் போகாத ஒருவன் ஒழுங்காக வாடகை கட்டினால் யாருக்குத்தான் வராது? திருட்டுப் பணமென்றால் மகளைக் கையோடு அழைத்துப்போய்விடுவது என்ற முடிவோடு வந்து இறங்கினார்.

மருமகன் ஒரு வெங்காயத்துக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள பண்றீங்க?"

"போட்டோ எடுக்கறேன் மாமா. நெட்ல போட்டா, விளம்பரம் செய்யறவங்க காசு கொடுத்து வாங்குவாங்க."

"வெங்காயத்தையா?"

"உரிச்சதுக்கு கிராக்கி ஜாஸ்தி."

மாமனார் வாயைக் கோணி, கழுத்தை ஆமைபோல உள்ளே இழுத்துக்கொண்டு பார்த்தார்.

"மாமா, அப்படியே இருங்க. ஒண்ணு எடுத்துக்கறேன்."

"எடுங்க. எவன் வாங்கறான்னு நானும் பார்க்கறேன்."

பார்ப்பதற்காகவே தங்கினார். அவர் படம் விற்றுப்போன வேகத்துக்கு வெங்காயத்தால் பக்கத்தில் நிற்க முடியவில்லை. ஒரு பூட்டுக் கம்பெனி அவர் முகத்தைத் தெருமுனையில் ஆளுயரத்துக்கு ஒட்டியது. அந்தச் சந்தேகப் பார்வை தாங்காமல் திருடன் ஒருவன் தானாகவே காவல் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டானாம்.

மாமனார் போஸ்டரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நிஜக் காகிதம்தான். வீட்டுக்கு வந்து மகளிடம் முனகினார்.

"யோக்கியமான பணம்தான் போலிருக்கு. இனிமே மாப்பிள்ளைய நம்பிடலாம்னு பார்க்கறேன்."

மகள் அவசரமாகக் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்கப்பா, அவர் காதுல விழப்போகுது. இதே மாதிரி இன்னும் படம் கேட்டிருக்காங்க. நீங்க நம்பிட்டா முகம் தெளிஞ்சிடும். அப்புறம் வாடகைக்கு எங்க போறது?"

ஊருக்குப் போக எடுத்துவைத்த சட்டைகளை மாமனார் மறுபடியும் கொடியில் போட்டார்.

"சரிம்மா, இன்னும் ஒரு மாசம் இருந்து சந்தேகப்படறேன். உனக்காக."